ஏடு நேரான பின்னும் எஞ்சும் பாக்கி

வணிகவியல் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று இருப்பாய்வு. பேரேட்டிலுள்ள எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் திரட்டி, பற்று இருப்புகளை ஒரு பத்தியிலும் வரவு இருப்புகளை மறு பத்தியிலும் எழுதிக் கூட்டிப் பார்ப்பர். இரு கூட்டுத்தொகைகளும் ஒத்திருந்தால் கணக்கர் மனநிறைவுடன் ஏட்டை மூடுவார். ஆனால் அந்த ஒப்புமை எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று? தோல் தொழிலால் வாழ்வு பெற்ற வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

சொற்கள் சொல்லும் செய்தி

தமிழ்நாட்டுக் கணக்கேடுகளில் பயிலும் சொற்கள் பல அரபு மொழியிலிருந்து வந்தவை. அசல், வசூல், வாய்தா, ரத்து, நகல் என்பன அவற்றுட் சில. 'பாக்கி' என்பது 'எஞ்சியிருப்பது' எனப் பொருள்படும் 'பாகீ' என்னும் அரபுச் சொல்லேயாகும். இவ்வேரிலிருந்து பிறந்ததுதான் வேலூர் மத்ரஸாவின் பெயரிலுள்ள 'பாகியாத்' என்னும் சொல். 'அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத்' என்றால் நிலைத்து நிற்கும் நற்செயல்கள். கடைக்காரரின் பாக்கியும் கல்விக்கூடத்தின் பெயரும் ஒரே வேரின் கிளைகள் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் வியப்பதுண்டு.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசும் பொருள் கடனை எழுதி வைத்தல். எழுத்தர் நீதியுடன் எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். அவர் அதில் எதையும் குறைத்துவிடலாகாது என்பது அதன் கருத்து. கொடுக்க வேண்டியவரே எழுதச் சொல்லும் இடத்தில் விடுபடுதலுக்கு வாய்ப்பு மிகுதி. ஆதலால் எச்சரிக்கையும் அவரை நோக்கியே அமைந்துள்ளது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நாட்குறிப்பிலிருந்து இருப்பாய்வுக்கு

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் 'மஃபாத்தீஹுல் உலூம்' என்னும் கலைச்சொற்களஞ்சியத்தைத் தொகுத்த முஹம்மத் இப்னு அஹ்மத் அல்குவாரிஸ்மி (இயற்கணித மேதை அல்குவாரிஸ்மி வேறொருவர்), அரசு அலுவலகங்களின் ஏடுகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். அன்றாட வரவு செலவைப் பதியும் 'ரூஸ்நாமஜ்' அதில் விளக்கப்பட்டுள்ளது. நாள்வழிக் குறிப்பேட்டின் பழைய வடிவம் அது. இத்தாலிய வணிகர்கள் வளர்த்த இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் லூக்கா பசியோலி விளக்கினார். பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அந்நூலிலேயே இடம்பெற்றுவிட்டது. இன்றைய இருப்பாய்வின் மூலம் அதுவே.

சரிக்கட்டுதல் ஏன்?

ஆம்பூரில் ஒரு சிறு தோல் பதனிடும் சாலை மார்ச் 31ஆம் நாள் கணக்கு முடிப்பதாகக் கொள்வோம். இருப்பாய்வு ஒத்துவிட்டது. எனினும் மார்ச் மாதக் கூலியில் ரூ.4,000 இன்னும் கொடுபடவில்லை. பணம் கைமாறாததால் அது ஏட்டில் ஏறவில்லை. சனவரி முதல் நாளன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு ரூ.12,000 கட்டியாயிற்று, அதில் மூன்று மாதத்திற்குரிய ரூ.3,000 மட்டுமே இவ்வாண்டின் செலவு, எஞ்சிய ரூ.9,000 முன்கூட்டிச் செலுத்திய தொகை. தொட்டிகளில் ஊறும் தோல்களை மதிப்பிட்டு இறுதிச் சரக்கிருப்பாகக் காட்ட வேண்டும். உருளைகளுக்குத் தேய்மானம் கழிக்க வேண்டும். சென்னைப் பெரியமேட்டு வணிகர் தர வேண்டிய தொகையில் வாராது போகக்கூடியதற்கு ஒதுக்குச் செய்ய வேண்டும்.

இவையே சரிக்கட்டுப் பதிவுகள். கூலிக் கணக்கில் ரூ.4,000 பற்று வைத்து, கொடுபட வேண்டிய கூலியில் அதே தொகையை வரவு வைத்தால் இருபுறமும் 4,000 கூடுகிறது. இருப்பாய்வு மீண்டும் ஒத்து நிற்கிறது. அதாவது, தொழிலாளியின் கூலி விடுபட்டபோதும் ஏடு நேராகவே இருந்தது. சேர்த்த பின்னும் நேராகவே இருக்கிறது. எழுதப்பட்டவை இருபுறமும் சமமாக எழுதப்பட்டன என்பதற்கே இருப்பாய்வு சான்று. எழுத வேண்டியவை யாவும் எழுதப்பட்டன என்பதற்கு அது சான்றாகாது. பாடநூல்கள் இதனை முழு விடுபிழை என்கின்றன. ஒரு நடவடிக்கை அடியோடு பதியப்படாவிட்டால் இருப்பாய்வு அதனைக் காட்டிக் கொடுப்பதில்லை.

பாலாற்றின் கணக்கு

இவ்வட்டாரத்தின் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு ஆகியவற்றை நம்பி நடந்தது. அரைப்பதனத் தோல்கள் சென்னை வழியாக ஐரோப்பா சென்றன. 1970களில் மத்திய அரசு அவ்வேற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. குரோமியப் பதனிடுதல் பரவியது. அந்நியச் செலாவணி பெருகியது.

முஸ்லிம் வணிகர்கள் ஈட்டிய செல்வம் வீணாகிவிடவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம் (1924), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி (1969) ஆகியவை இவ்வட்டார முஸ்லிம்களின் கொடைக்குச் சான்றுகள். அவற்றில் கற்றவர்களும் கற்பிப்பவர்களுமான நாம் அந்நன்றியை மறத்தல் தகாது.

எனினும் ஒரு செலவு அச்சாலைகளின் பேரேட்டில் ஏறவே இல்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகாததாகிவிட்டது என்னும் விவரங்கள் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. உழவரின் கிணறும் நிலமும் இழந்த மதிப்பு எந்தச் சாலையின் செலவுப் பத்தியிலும் இல்லை. ஆண்டுதோறும் இருப்பாய்வு மட்டும் ஒத்தே வந்தது.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்த தோல் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப் பணித்தது. கணக்கியல் மொழியில் கூறின், பல்லாண்டுகள் விடுபட்ட பதிவை வெளியாள் ஒருவர் வந்து சரிக்கட்டியதாகும். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் செலவும் பின்னர் ஏட்டில் ஏறியது.

ஆயினும் பாக்கி தீரவில்லை. அவ்வாணையம் 2001 மார்ச் 7இலும் 2009 ஆகஸ்ட் 24இலும் வழங்கிய ஆணைகளின்படி இழப்பீடு இன்னும் பெறாதவர்களுக்கு அரசு அதனை வழங்கி, மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 சனவரி 30 அன்று மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று.

அமானத்து

இருப்பாய்வு ஒவ்வாதபோது வேறுபாட்டுத் தொகையை, பிழை புலப்படும்வரை, அனாமத்துக் கணக்கில் வைப்பர். 'அனாமத்து' என்பது அரபு 'அமானத்' என்னும் சொல்லின் திரிபு. உரியவரிடம் ஒப்படைக்கும்வரை நம்மிடம் இருக்கும் அடைக்கலப் பொருள் என்பது அதன் பொருள். ஆறும் நிலத்தடி நீரும் நம்மிடம் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டவை.

ஜகாத் கணக்கிடும் வணிகர் ஆண்டு முடிவில் சரக்கை மதிப்பிடுகிறார்; வர வேண்டியதைச் சேர்க்கிறார்; தர வேண்டியதைக் கழிக்கிறார்; எஞ்சியதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். சரிக்கட்டுப் பதிவின் பயிற்சி அவருக்குப் புதிதன்று. அப்பட்டியலில், தம் கழிவுநீர் சென்று சேர்ந்த கிணற்றின் உரிமையாளருக்குத் தர வேண்டியதையும் எழுதிக்கொள்வாராயின், மேற்கண்ட வசனம் கேட்கும் நீதி நிறைவேறும். எழுதுகோல் இன்னும் கொடுக்க வேண்டியவரின் கையில்தான் இருக்கிறது.