ஃபங்க் இசைத்தொகுப்புகள்: ஒரு வரலாற்று அறிமுகம்

ஃபங்க் என்பது 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே உருவான தாள முதன்மை கொண்ட இசைவகை. சோல், ரிதம் அண்ட் புளூஸ், ஜாஸ் ஆகிய மூன்றிலிருந்தும் கிளைத்தது. மற்ற வெகுஜன இசைவகைகளில் மெட்டும் பாடகரின் குரலும் முன்னே நிற்க, பக்கவாத்தியங்கள் பின்னே துணை நிற்கும். ஃபங்க் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. டிரம்ஸும் பேஸ் கித்தாரும் பாடலைச் சுமந்தன. பாடகரின் குரலே ஒரு தாளக்கருவியாக மாறியது. இவ்வாறு இசையின் மையம் வாத்தியக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த இசையின் உரிமையும் வருவாயும் அவர்களிடம் வந்து சேரவில்லை. ஃபங்கின் முக்கியமான இசைத்தொகுப்புகளை வரிசையாகக் கேட்கும்போது இந்த இரண்டு கதைகளும் சேர்ந்தே தெரியவருகின்றன.

பெயரும் இலக்கணமும்

'ஃபங்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் கடுமையான நெடி என்பது. வியர்வை நாற்றத்தைக் குறிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் இச்சொல் புழங்கியது. 1950களில் ஜாஸ் கலைஞர்கள் இதைப் பாராட்டுச் சொல்லாக்கினர். பளபளப்பு இல்லாத, மண்ணோடு ஒட்டிய வாசிப்பை அவர்கள் ஃபங்கி என்றனர். பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வர் 1953-ல் 'ஓபஸ் டி ஃபங்க்' என்ற படைப்பைப் பதிவுசெய்தார்.

ரிதம் அண்ட் புளூஸிலும் ராக் இசையிலும் நான்கு அடிகள் கொண்ட சுற்றில் இரண்டாவது, நான்காவது அடிகளில் அழுத்தம் விழும். ஃபங்கில் முதல் அடியே எல்லாவற்றுக்கும் ஆதாரம். கர்நாடக இசையில் சமம் எனப்படும் இடத்தோடு இதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். முதல் அடியில் அனைவரும் கூடுவார்கள். அடுத்த முதல் அடி வரும்வரை ஒவ்வொருவரும் தன் சிறு துணுக்கை மற்றவர்கள் விட்ட இடைவெளியில் வாசிப்பார்கள். ஸ்வர மாற்றங்கள் மிகக் குறைவு. ஒரே ஸ்வரக்கூட்டின்மீது பல நிமிடங்கள் பாடல் நிற்பதும் உண்டு.

ஜேம்ஸ் பிரவுன்

இந்த இலக்கணத்தை முதலில் முழுமையாக நிறுவியவர் ஜேம்ஸ் பிரவுன். 1965-ல் வெளியான 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாடலில் அழுத்தம் முதல் அடிக்கு நகர்ந்தது. 1967-ல் சின்சினாட்டி நகரின் கிங் ஸ்டுடியோவில் பதிவான 'கோல்ட் ஸ்வெட்' பாடலில் மெட்டு ஏறக்குறைய மறைந்தது. பாடலை எழுதியதில் பிரவுனுடன் பங்குபெற்றவர் சாக்சஃபோன் கலைஞர் ஆல்ஃபிரட் 'பீ வீ' எல்லிஸ். டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில மாதங்களில் பிரவுன் 'சே இட் லவுட்' பாடலை வெளியிட்டார். கறுப்பு என்ற சொல்லைப் பெருமிதத்தோடு ஏற்கச் சொன்ன அப்பாடல் அக்கால அரசியலின் அடையாளங்களில் ஒன்றானது.

பிரவுன் கண்டிப்பான முதலாளி. மேடையில் பிழை செய்த வாத்தியக்காரர்களுக்கு அபராதம் விதிப்பார். 1970-ல் ஊதிய முரண்பாட்டில் குழுவின் பெரும்பகுதியினர் விலகினர். பிரவுன் சின்சினாட்டியிலிருந்து இளைஞர்களின் குழு ஒன்றை அழைத்துவந்தார். அதில் பேஸ் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு அப்போது 18 வயது. 'செக்ஸ் மெஷின்' இந்தப் புதிய குழுவுடன் பதிவானது.

பிரவுனின் ஃபங்க் பெரும்பாலும் ஒரு பாடல் இரு பக்கங்களில் பிரிந்து வரும் சிறிய இசைத்தட்டுகளாகவே வெளியானது. எனவே புதிதாகக் கேட்பவருக்கு ஏற்றது 1986-ல் வெளியான 'இன் தி ஜங்கிள் குரூவ்' என்ற தொகுப்பு. 1969 முதல் 1971 வரையிலான பதிவுகள் இதில் நீண்ட வடிவில் உள்ளன. முழு இசைத்தொகுப்பாக அமைந்தவற்றுள் முதன்மையானது 1973 இறுதியில் வெளியான 'தி பேபேக்'. இது 'ஹெல் அப் இன் ஹார்லெம்' என்ற திரைப்படத்துக்காக உருவாகி, படத் தயாரிப்பாளர்களால் நிராகரிக்கப்பட்டு, பின்னர் இரட்டை இசைத்தட்டாக வந்தது. குழுவை வழிநடத்தியவர் டிராம்போன் கலைஞர் ஃப்ரெட் வெஸ்லி.

நியூ ஆர்லியன்ஸ்: தி மீட்டர்ஸ்

நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஊர்வல இசைக்கு நீண்ட மரபு உண்டு. பேண்டு வாத்தியக் குழுவின் பின்னால் மக்கள் ஆடிக்கொண்டு செல்லும் வரிசை 'செகண்ட் லைன்' எனப்படும். அந்த நடையின் தாளமே தி மீட்டர்ஸ் குழுவின் அடித்தளம். ஆர்ட் நெவில் (ஆர்கன்), லியோ நோசென்டெல்லி (கித்தார்), ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர் (பேஸ்), ஜோசப் 'சிகாபூ' மோடலிஸ்ட் (டிரம்ஸ்) ஆகிய நால்வர் கொண்ட குழு இது. தயாரிப்பாளர் ஆலன் டூசான்ட்டின் பதிவுகளுக்கு வாசித்துவந்தவர்கள் 1969-ல் 'தி மீட்டர்ஸ்' என்ற தங்கள் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' குரலே இல்லாத வாத்திய இசை. அடிகளுக்கு இடையிலான மௌனம் எவ்வளவு முக்கியம் என்பதை அறிய இதைவிட எளிய பாடமில்லை. 1974-ல் வந்த 'ரிஜுவனேஷன்' பாடல்களும் கொண்ட முழுமையான தொகுப்பு.

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்

சான் பிரான்சிஸ்கோவில் 1966-ல் ஸ்லை ஸ்டோன் தொடங்கிய குழு இது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாசித்தனர். டிரம்பெட் வாசித்த சிந்தியா ராபின்சன் உட்படப் பெண்கள் வாத்தியக்காரர்களாகவே இருந்தது அக்காலத்தில் அரிது. பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் இளமையில் தன் தாயுடன் இருவர் குழுவாக வாசித்தவர். டிரம்ஸ் இல்லாத குறையைப் போக்கக் கட்டைவிரலால் தந்தியை அடித்தும், மற்ற விரலால் சுண்டியும் வாசிக்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பேஸ் கலைஞர்கள் பயிலும் 'ஸ்லாப்' முறை இவ்வாறு பரவியது.

1969-ல் வெளியான 'ஸ்டாண்ட்!' நம்பிக்கையின் இசைத்தொகுப்பு. 1971-ல் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' அதற்கு நேர் எதிர். இடைப்பட்ட காலத்தில் ஸ்லை போதைப்பொருளில் மூழ்கியிருந்தார். குழு சிதையத் தொடங்கியிருந்தது. பல கருவிகளை அவரே தனித்தனியாக வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தார். டிரம்ஸ் கலைஞரின் இடத்தில் தாள இயந்திரத்தைப் பயன்படுத்தினார். திரும்பத் திரும்பப் பதிவானதால் ஒலி மங்கலாகவும் மூச்சுத்திணறுவது போலவும் இருக்கும். 1960களின் சமூக நம்பிக்கைகள் உடைந்ததன் ஆவணமாக விமர்சகர்கள் இதைக் கருதுகின்றனர். இரண்டு தொகுப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. ஸ்லை ஸ்டோன் 2025 ஜூன் மாதம் காலமானார்.

ஜார்ஜ் கிளிண்டனின் இரு குழுக்கள்

நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் ஒரு முடிதிருத்தகத்தில் கூடிப் பாடியவர்களின் குழுவே ஜார்ஜ் கிளிண்டனின் தொடக்கம். பின்னர் அவர் ஏறக்குறைய ஒரே கலைஞர்களைக் கொண்டு பார்லிமென்ட், ஃபங்கடெலிக் என்ற இரு பெயர்களில் வெவ்வேறு நிறுவனங்களுக்கு இசைத்தட்டுகள் வெளியிட்டார். ஃபங்கடெலிக்கின் 'மேகட் பிரெய்ன்' (1971) ராக் கித்தாரை நோக்கிச் சாய்ந்தது. அதன் முதல் பதிவு எடி ஹேசலின் பத்து நிமிடத் தனி கித்தார் இசை. தாய் இறந்த செய்தியைக் கேட்டதாக எண்ணி வாசிக்குமாறு ஹேசலிடம் கூறியதாகக் கிளிண்டன் பின்னாளில் சொல்லியுள்ளார். மற்ற கருவிகளின் ஒலியைக் குறைத்துக் கித்தாரை மட்டும் முன்னே நிறுத்தினார்.

பார்லிமென்டின் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' (1975) வேறு உலகம். விண்கலத்தில் வரும் கறுப்பின மக்கள் என்ற கற்பனையில் முழுத் தொகுப்பும் அமைந்தது. அமெரிக்காவில் பல இடங்களில் தம்மைச் சேர்க்க மறுத்தவர்களுக்கு விண்வெளியிலேயே இடம் பிடித்துக் காட்டிய நையாண்டி அது. ஜேம்ஸ் பிரவுனிடமிருந்து விலகிய பூட்ஸி காலின்ஸ், மேசியோ பார்க்கர், ஃப்ரெட் வெஸ்லி ஆகியோர் இதில் வாசித்தனர். பெர்னி வொர்ரெல்லின் சிந்தசைசர் ஒலி இதன் தனித்தன்மை. 1976 முதல் கச்சேரி மேடையில் ஒரு விண்கலம் இறங்கும் காட்சி இடம்பெற்றது. 1990களில் செய்யப்பட்ட அதன் மறுவடிவம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

1972, 1973: நான்கு திசைகள்

இந்த இரண்டு ஆண்டுகளில் ஃபங்க் பல துறைகளுக்குள் பரவியது. ஸ்டீவி வொண்டரின் 'டாக்கிங் புக்' (1972) தொகுப்பில் உள்ள 'சூப்பர்ஸ்டிஷன்' பாடலில் கிளாவினெட் என்ற மின் விசைக்கருவி தாளக்கருவிபோல் ஒலிக்கிறது. சிகாகோவின் கர்ட்டிஸ் மேஃபீல்டு 'சூப்பர் ஃப்ளை' (1972) திரைப்படத்துக்கு இசையமைத்தார். படம் ஒரு போதைப்பொருள் வணிகனைக் கதாநாயகனாக்கியது. பாடல்களோ அவ்வணிகத்தின் அழிவைப் பேசின. மேஃபீல்டு சொந்தமாகப் பதிப்பு நிறுவனம் வைத்திருந்த சில கலைஞர்களுள் ஒருவர்.

ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) ஜாஸ் வரலாற்றில் மிக அதிகமாக விற்ற தொகுப்புகளுள் ஒன்று. அதில் மறுவடிவம் பெற்ற 'வாட்டர்மெலன் மேன்' பாடலின் தொடக்கத்தில் பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதி ஓர் ஒலியை எழுப்புகிறார். அது மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாழ் மக்களின் ஊதல் இசையைப் பார்த்துச் செய்தது.

பெட்டி டேவிஸ் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் தொகுப்பு 1973-ல் வந்தது. பாடல்கள் அனைத்தும் அவரே எழுதியவை. பெண்ணின் வேட்கையைப் பெண்ணே உரத்த குரலில் பாடியது வானொலிகளுக்கு ஏற்புடையதாக இல்லை. தொகுப்பு சரியாக விற்கவில்லை. 1974-ல் 'தே சே ஐ'ம் டிஃபரன்ட்' தொகுப்பை அவரே தயாரித்தார். 2007-ல் இவை மறுவெளியீடு கண்டபின்பே பரவலாகக் கேட்கப்பட்டன.

நைஜீரியாவில் ஃபங்க்

நைஜீரியக் கலைஞர் ஃபெலா குட்டி 1969-ல் அமெரிக்காவில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது கறுப்பின உரிமை அரசியலை நெருக்கமாக அறிந்தார். ஃபங்க், ஜாஸ், மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைலைஃப், யோருபா தாளங்கள் ஆகியவை கலந்த அவரது இசை ஆஃப்ரோபீட் எனப்பட்டது. அதன் தாளத்தை உருவாக்கியவர் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலன். 'ஸோம்பி' தொகுப்பு இராணுவ வீரர்களைச் சுயசிந்தனை அற்ற நடைப்பிணங்களாகக் கேலி செய்தது. 1977 பிப்ரவரியில் இராணுவத்தினர் லாகோஸில் ஃபெலாவின் குடியிருப்பைத் தாக்கித் தீக்கிரையாக்கினர். சன்னலிலிருந்து வீசப்பட்ட அவரது தாயும் உரிமைப் போராளியுமான ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி 1978-ல் இறந்தார்.

தாளம் யாருக்குச் சொந்தம்?

1969 நவம்பரில் பதிவான ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் மற்ற கருவிகள் நின்றுவிட, கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்ஸ் மட்டும் சில வினாடிகள் ஒலிக்கும். இத்தகைய பகுதிக்கு 'பிரேக்' என்று பெயர். 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டி.ஜே. கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு பிரேக் பகுதிகளை நீட்டித்து ஒலிக்கவிட்டார். ஹிப் ஹாப் அதிலிருந்து வளர்ந்தது. 1980களில் ஒலித்துணுக்குகளைப் பதிந்து மீண்டும் பயன்படுத்தும் சாம்பிளிங் கருவிகள் பரவியபோது ஸ்டபிள்ஃபீல்டின் சில வினாடிகள் ஏராளமான பாடல்களின் அடித்தளமாயின. பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் தி பவர்' (1989) அவற்றுள் ஒன்று.

ஆனால் 'ஃபங்கி டிரம்மர்' பாடலின் ஆசிரியராகப் பதிவானவர் ஜேம்ஸ் பிரவுன் மட்டுமே. பதிப்புரிமை நடைமுறையில் மெட்டும் பாடல்வரியுமே படைப்பாகக் கருதப்பட்டன. தாளம் கூலிக்கு வாசிக்கப்பட்ட வேலையாகவே எண்ணப்பட்டது. மெட்டைக் குறைத்துத் தாளத்தையே படைப்பாக்கிய இசைவகைக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை. ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பாடலாசிரியருக்குரிய உரிமத்தொகை கிடைக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் வாழ்ந்த அவர் 2017-ல் மறைந்தார். ஆஃப்ரோபீட்டிலும் இதே சிக்கல் எழுந்தது. டோனி ஆலன் 1970களின் இறுதியில் ஃபெலாவிடமிருந்து விலகியதற்கு உரிமத்தொகை குறித்த மனவருத்தமும் ஒரு காரணம்.

பின்னர் சட்டம் கடுமையானபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஃபங்கடெலிக் பாடலிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டு வினாடி கித்தார் ஒலி தொடர்பான வழக்கில், எவ்வளவு சிறிய ஒலித்துணுக்குக்கும் உரிமம் தேவை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2005-ல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவை பாடல்களின் உரிமையை வைத்திருந்த நிறுவனங்கள். கித்தாரை வாசித்த கலைஞர் அல்லர்.

கேட்கும் வரிசை

புதிதாகக் கேட்பவர்கள் 'தி மீட்டர்ஸ்' தொகுப்பில் தொடங்கலாம். நான்கே கருவிகள் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பின்தொடர முடியும். அடுத்து 'இன் தி ஜங்கிள் குரூவ்', 'ஸ்டாண்ட்!', 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்', 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' என்ற வரிசை காலமாற்றத்தைக் காட்டும். 'ஹெட் ஹன்டர்ஸ்', பெட்டி டேவிஸின் இரு தொகுப்புகள், 'ஸோம்பி' ஆகியவை அதன் விரிவைக் காட்டும். ஒரு பாடலை முதல்முறை குரலுக்காகவும், இரண்டாம் முறை பேஸுக்காகவும், மூன்றாம் முறை டிரம்ஸுக்காகவும் கேட்பது பயன் தரும். தொகுப்பின் அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள வாத்தியக்காரர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஃபங்கின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது.