கத்தியில் தொடங்கிய சிப் வரைபடம்

சிப் எப்படிச் செய்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்டால், ஸ்கிரீன் பிரிண்டிங்கைத்தான் நான் உதாரணம் சொல்வேன். கல்யாணப் பத்திரிகைக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும். சிப்பின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு 'மாஸ்க்' வேண்டும். கண்ணாடித் தகட்டில் குரோமியத்தால் அமைந்த வடிவம் அது. அங்கே மை, இங்கே ஒளி.

1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். அதன் வடிவங்களை, சிவப்புப் படலம் ஒட்டிய ரூபிலித் என்ற பிளாஸ்டிக் தாளில் பல மடங்கு பெரிதாகக் கத்தியால் வெட்டினார்கள். வேண்டாத சிவப்பை உரித்துவிட்டு, கேமராவால் சுருக்கினார்கள். ஒரு துண்டு தவறி உரிந்தாலும் சிப் பாழ்.

பிறகு வரையும் வேலை கணினிக்குப் போனது. வரைந்ததை மாஸ்க் செய்பவரிடம் எந்தக் கோப்பாகக் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அமெரிக்காவின் கால்மா நிறுவனம் 1978இல் ஜிடிஎஸ்-2 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. கால்டெக்கில் பிறந்த சிஐஎஃப், மனிதரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. 1979இல் லின் கான்வே நடத்திய திட்டத்தில் 12 பல்கலைக்கழகங்களின் வடிவமைப்புகள் அர்பாநெட் வழியாக ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, சிலிக்கான் தகடுகளில் பகிர்ந்து அச்சாயின. பொதுவான கோப்பு வடிவம் இருந்ததால்தான் அது நடந்தது.

1982இல் ஆட்டோகேட் வந்தது. அதன் டிஎக்ஸ்எஃப் கோப்பு கட்டட வரைபடத்துக்கு நல்லது. மாஸ்க்குக்கு அதைக் கொடுத்தால் இரண்டு சிக்கல்கள். '1' என்று எழுதியிருப்பது மில்லிமீட்டரா மைக்ரானா என்று கோப்பு சொல்லாமல் போகலாம். கோடுகள் முழுதாக மூடாமல் இருந்தால், எது உள்ளே எது வெளியே என்று இயந்திரத்துக்குத் தெரியாது. குரோமியத்தை அரித்தபின் திருத்த வழியில்லை. தகட்டுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

ஜிடிஎஸ்-2 கோப்பின் தலைப்பிலேயே அளவு அலகு இருக்கும். புள்ளிகள் எல்லாம் முழு எண்கள். ஒருமுறை வரைந்த வடிவத்தை ரப்பர் ஸ்டாம்ப் போல ஆயிரம் இடங்களில் வைக்கலாம்.

கால்மா நிறுவனம் இன்று இல்லை. அதன் கணினிகளும் இல்லை. அந்தக் கோப்பு வடிவம் மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கேலேஅவுட் என்ற இலவச மென்பொருளில்கூட அதைத் திறக்கலாம். அதனால்தான் நான் சொல்வது: எதில் வரைவது என்பதைக் கை பழகியபடி தேர்ந்துகொள்ளலாம். எந்தக் கோப்பாகக் கொடுப்பது என்பதை மட்டும், வரைய உட்காரும் முன்பே மாஸ்க் செய்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.