குயிலும் செம்போத்தும்: ஒரு பெயர்க்குழப்பத்தின் வரலாறு

கல்வராயன் மலையடியில் உள்ள வடக்கனந்தலின் கோடை விடியலில் இரண்டு குரல்களை நாம் கேட்கலாம். மரத்தின் உச்சியிலிருந்து படிப்படியாக ஏறிச்செல்லும் கூவல் ஒன்று. வேலிப்புதரின் அடியிலிருந்து, பானைக்குள் ஊதினாற்போல் 'ஊப், ஊப்' என எழும் ஒலி மற்றொன்று. முன்னது குயில், பின்னது செம்போத்து. இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்றால் நம்மில் பலர் நம்புவதில்லை.

நம் தயக்கத்தில் வியப்பில்லை. அறிவியலே குயிலிடம் ஏமாந்திருக்கிறது. 1747இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் எட்வர்ட்ஸ், வங்காளத்திலிருந்து லண்டனுக்குச் சென்ற புள்ளிக்குயில் ஒன்றை வரைந்து வெளியிட்டார். அதை ஆதாரமாகக் கொண்டு 1758இல் லின்னேயஸ் அதற்கு ஓர் அறிவியற்பெயர் இட்டார். அதே நூலில் கரிய குயிலுக்கு வேறொரு பெயரும் இட்டார். உண்மையில் புள்ளியுடையது பெண், கரியது ஆண். உயிரோடு ஒன்றாகத் திரியும் இணை, ஏட்டில் இரண்டு இனங்களாகிவிட்டது.

நம் கவிஞர்களின் பிழை வேறு வகையானது. கூவுவது ஆண்குயிலே, பெண்ணுக்கு வாய்த்தது 'கிக் கிக்' என்னும் கூரிய ஒலி மட்டுமே. ஆயினும் பாரதியின் 'குயில் பாட்டு' வரை, பாடும் குயிலைப் பெண்ணாகவே கற்பனை செய்திருக்கிறோம். அவர்கள் ஒன்றை இரண்டாக்கினர். நாம் ஒன்றின் குரலை மற்றொன்றுக்குக் கொடுத்தோம். ஆனால் குயில் பிறர் கூட்டில் வளர்வது என்ற செய்தியில் நம் முன்னோர் பிழை செய்யவில்லை. வடமொழியில் அதன் பெயரே 'பிறரால் வளர்க்கப்பட்டது' எனப் பொருள்படும். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் பெண்களைப் பழிக்க எடுத்தாளும் உவமையும் இதுவே.

காக்கை முட்டையிடும் பருவத்தை ஒட்டியே குயிலும் முட்டையிடுகிறது. குயில் முட்டை 12 முதல் 14 நாட்களில் பொரிந்துவிடும்; காக்கைக் குஞ்சுக்கு முன்பே வெளிவரும் குயில் குஞ்சு, இரையில் முந்திக்கொள்கிறது.

குக்கில் என்னும் பழம்பெயரும் உடைய செம்போத்தோ யாருக்கும் கடன்படுவதில்லை. அடர்ந்த புதருக்குள் தானே உருண்டையாகக் கூடு கட்டுகிறது. கட்டுவதிலும் அடைகாப்பதிலும் ஆணுக்கே பெரும்பங்கு. தரையில் நடந்தே பூச்சியும் ஓணானும் தேடும். அதன் பின்விரல் நகம் நீண்டு நேராயிருப்பதைக் கண்டே, 'முள்ளடி' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை அறிஞர்கள் அதற்கு வைத்தனர்.

பாட்டும் காவியமும் குயிலுக்கே கிடைத்தன. தன் பிள்ளையைத் தானே வளர்க்கும் தந்தைப் பறவையை நாம் போதிய அளவு பாடவில்லை. ஊரும் காக்கையும் உள்ளவரை குயிலுக்குக் குறையிராது. செம்போத்துக்கு வேண்டியது புதர். வேலிக்காத்தானையும் கள்ளியையும் அகற்றிக் கம்பிவேலி இடும்போது, வயலோரத்தில் அது கூடு கட்டும் இடத்தையும் சேர்த்தே அகற்றுகிறோம் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.