மீட்பின் துறைமுகத்துப் பாற்கட்டி

ஈசாய் தம் இளைய மகன் தாவீதைப் போர்ப் பாசறைக்கு அனுப்பியபோது கொடுத்தனுப்பிய பொருள்களுள் பத்துப் பாற்கட்டிகளும் இருந்தன என்கிறது சாமுவேல் முதல் நூல் (17:18). அண்ணன்மாருக்கு வறுத்த தானியமும் அப்பமும். பாற்கட்டிகளோ ஆயிரத்தவர் தலைவனுக்கு. கோலியாத்தின் வீழ்ச்சியை மறையுரைகளில் எத்தனையோ முறை எடுத்தாண்ட நாம், இந்தப் பத்துப் பாற்கட்டிகளைக் கண்டும் காணாமல் கடந்து வந்திருக்கிறோம். பெத்லகேமிலிருந்து ஏலா பள்ளத்தாக்கு ஒரு நாள் நடைத் தொலைவே. அதுவரை கெடாதிருந்தால் போதும்.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அதன் வீரர்களுக்கும் பாற்கட்டி சென்றது. தகர டப்பாக்களில் அடைபட்டு, பெருங்கடலைத் தாண்டிச் சென்றது. நம் இளையோர் 'சீஸ்' என்று அழைப்பதும், நகரக் கடைகளில் பளபளக்கும் தாளில் சுற்றிக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த டப்பாவின் வழித்தோன்றலே. மேலை நாட்டில் சுவையறிந்தோர் பலர் இதனை இகழ்வர். பாற்கட்டி என்னும் பெயருக்கே இது தகாது என்பர். அந்த இகழ்ச்சி நியாயமானதுதானா?

மரபு வழிப் பாற்கட்டி, நம் வீட்டில் பிரைமோர் விட்டுத் தயிராக்குவது போன்று எளிதில் முடிவதன்று. கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளால் பாலைத் திரளச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டு, அச்சிலிட்டு அழுத்தி, குளிர்ந்த நிலவறையில் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ முதிர விடுவர். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அங்கே இரவும் பகலும் உழைக்கின்றன. மேய்ச்சல் புல்லும், நிலவறையின் ஈரமும், புரட்டிப் போடும் கையும் மாறினால் சுவையும் மாறும். ஆகவேதான் ஊருக்கொரு பாற்கட்டி; பல வேளைகளில் ஊரின் பெயரே அதன் பெயரும்.

உயிருள்ள பொருள் கெடவும் செய்யும். வெப்ப நாடுகளுக்கு அனுப்பினால் வழியிலேயே வியர்த்துப் பாழாகும். இதற்கு விடை தேடிய வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்னும் இருவர், 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் எம்மெண்டல் பாற்கட்டியைச் சிட்ரிக் அமில உப்புச் சேர்த்து உருக்கினர். கொழுப்பும் நீரும் பிரியாமல் வழவழப்பாக இளகி வந்தது. வெப்பத்தில் நுண்ணுயிர்கள் மடிந்தன. அத்துடன் முதிர்ச்சியும் நின்றது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் 1916-இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கனடாவில் பிறந்து, சிக்காகோ நகரில் குதிரை வண்டியில் பாற்கட்டி விற்றவர். மளிகைக் கடைகளில் வெட்டி வைத்த பாற்கட்டி காய்ந்தும் பூசணம் பூத்தும் குப்பைக்குப் போவதைக் கண்டு மனம் வருந்தியவர். ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்த பாப்திஸ்து சபையினர் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். உணவு வீணாகலாகாது என்று எண்ணியவரை இகழ நமக்கு மனம் வரவில்லை. நிலவறையும் குளிர்பெட்டியும் இல்லாத எத்தனையோ வீடுகளுக்குப் பாலின் சத்தைக் கொண்டு சேர்த்தது அந்த டப்பா.

அது மட்டுமன்று. தான் இன்னதென்று அது சொல்லிக்கொள்ளவும் செய்கிறது. உருக்கிப் பதப்படுத்தியதை அவ்வாறே குறித்துத்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. நம்மை அதிகம் உறுத்துவது வேறொரு பாற்கட்டி. அது உருக்கப்பட்டதன்று, முறைப்படி உறையிட்டு முதிர்வித்ததே.

துறவு மடங்களுக்கும் பாற்கட்டிக்கும் உள்ள உறவு பழையது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நாற்கால் விலங்குகளின் இறைச்சியை, நோயுற்று மெலிந்தோர் தவிர மற்றெவர்க்கும் விலக்கியது, கையுழைப்பையும் கட்டளையாக்கியது. மடத்துப் பசுக்களின் பால் மடத்திலேயே பாற்கட்டியானதில் வியப்பில்லை. மன்ஸ்டர் என்னும் பாற்கட்டியின் பெயரே 'மடம்' என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. சுவிட்சர்லாந்தின் பெல்லலே மடத்துப் பாற்கட்டிக்கோ 'துறவியின் தலை' என்றே பெயர்!

பிரெஞ்சுப் புரட்சியில் துரத்தப்பட்ட டிராப்பிஸ்டு துறவியர் சிலர், நெப்போலியன் வீழ்ந்த 1815-இல் நாடு திரும்பினர். மாயென் ஆற்றங்கரையில், அந்த்ராம் என்னும் ஊரில், பழைய மடமொன்று அவர்களுக்குக் கிடைத்தது. அலைந்து களைத்தவர்கள் நன்றியோடு அதற்கிட்ட பெயர் 'போர் து சலூ' - மீட்பின் துறைமுகம். தங்கள் பந்திக்கென அவர்கள் செய்த பாற்கட்டி 1870-களில் பாரிஸ் சந்தையை அடைந்தது. புகழ் வந்தது, போலிகளும் வந்தன, பெயரைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. 1959-இல் அந்தப் பெயர் ஒரு பெரும் பால் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று அப்பெயருடன் உலகெங்கும் செல்லும் பாற்கட்டி மடத்தில் உருவாவதன்று, ஆலையில் உருவாவது.

அவர்களைக் குறைகூற நாம் யார்? செபிக்க வந்தவர்கள் சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது எளிதன்று. எனினும் ஒழுங்கின் 57-ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த விற்பனை நினைவுக்கு வருகிறது. தன் கைத்திறனால் செருக்குறும் துறவியை அத்தொழிலினின்று விலக்கவும், மடத்துப் பொருள்களை வெளியார் விலையினும் சற்றுக் குறைத்தே விற்கவும் அங்கே பணிக்கப்பட்டுள்ளது. பொருளை விற்கச் சட்டம் வகுத்த தந்தை, பெயரை விற்பதைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நாடிழந்து திரும்பியவர்களின் நன்றியிலே பிறந்த சொல் அது. அதை விலைப்பட்டியலில் காணும்போது, டப்பாவிடம் தோன்றாத மனத்தாங்கல் நமக்கு இங்கே தோன்றுகிறது.

துறவியர் நாளில் அந்தப் பாற்கட்டியின் தோலுக்கு ஒரு செம்மஞ்சள் நிறம் உண்டு. நிலவறையில் மீண்டும் மீண்டும் உப்புநீரால் கழுவ, அந்த ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தந்த நிறம் அது. ஆலைப் பாற்கட்டியின் தோலும் செம்மஞ்சள்தான், மேலே பூசியது.