கடனும் கத்தியும் – 9: தடம் மாறிய சவ ஊர்வலம்

செப்டம்பர் 6, 2000. இந்தோனேசியாவின் மேற்குத் திமோரில், கிழக்குத் திமோர் எல்லையை ஒட்டிய சிற்றூர் அத்தம்புவா. ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலகத்தின் ஜன்னல்களில் ப்ளைவுட் பலகை அடித்திருந்தார்கள். அவசர அவசரமாக மாட்டிய திரைச்சீலையின் இடுக்கு வழியே தெருவை நோட்டம் விட்டபடி சிலர். பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மிச்சமிருந்தவர்களில் ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நண்பருக்கு மின்னஞ்சல் எழுதினார். கும்பல் வருகிறது, நாங்கள் உள்ளே காத்திருக்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

முதல் நாள்தான் இந்தோனேசிய ஆதரவு லக்சௌர் ஆயுதக் குழுவின் தலைவன் ஒலிவியோ மொருக் கொல்லப்பட்டிருந்தான். சுவாய் தேவாலயப் படுகொலையை முன்பு பார்த்தோம் அல்லவா? அதற்காக இந்தோனேசிய அரசு வெளியிட்ட சந்தேக நபர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனுடைய சவ ஊர்வலம்தான் தடம் மாறி, ஐ.நா. அலுவலக வாசலுக்கு வந்தது.

மூன்று பேரை வெட்டிக் கொன்றார்கள். ஒருவர் எத்தியோப்பியர், ஒருவர் குரோஷியர், மூன்றாமவர் அந்த மின்னஞ்சலை எழுதிய பியூர்ட்டோ ரிக்கோக்காரர். உடல்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். ஊரில் போலீஸ் இருந்தது, ராணுவம் இருந்தது. தடுக்கத்தான் ஆளில்லை.

அதே நாளில் நியூயார்க்கில் ஐ.நா.வின் மில்லினியம் உச்சி மாநாடு தொடங்கியிருந்தது. உலகத் தலைவர்களை எழுந்து நிற்கவைத்து மௌன அஞ்சலி செலுத்தினார் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான். அந்தச் சபையில் இந்தோனேசிய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித்தும் இருந்தார். தன்னைச் சங்கடப்படுத்தவே நாள் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றார் அவர். இருக்கலாம். ஆனால், நாள் பார்த்தவர்களுக்குத் துப்பாக்கியும் பயிற்சியும் கொடுத்து வளர்த்தது அவருடைய ராணுவம்தானே!

கிழக்குத் திமோரின் சுதந்திர வாக்கெடுப்பு முடிந்து ஓராண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் விரட்டப்பட்ட இரண்டரை லட்சம் பேரில் சுமார் 1.2 லட்சம் பேர் இன்னும் முகாம்களில் கிடந்தார்கள். முகாமில் ராஜ்யம் ஆயுதக் குழுக்களுடையது. ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறவன் துரோகி. திரும்ப லாரி ஏற்பாடு செய்கிற ஐ.நா. ஊழியன் எதிரி.

கொலை நடந்த சில நாட்களில் ஜகார்த்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உலக வங்கித் தலைவர் ஜேம்ஸ் வொல்ஃபென்சன். கடிதம் மரியாதையானது, விஷயம் கடுமையானது. ஆயுதக் குழுக்களை அடக்குங்கள், இல்லாவிட்டால் அக்டோபரில் தோக்கியோவில் கூடுகிற கொடையாளர்கள் யோசிப்பார்கள். 1997 பொருளாதார நெருக்கடியில் விழுந்த இந்தோனேசியா இன்னும் எழுந்திருக்கவில்லை. தோக்கியோவில் அது கேட்கவிருந்த தொகை 480 கோடி டாலர்.

இங்கே கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் பின்னால் போய்விட்டு வந்தால்தான் இந்தக் கடிதத்தின் ருசி தெரியும்.

1991 நவம்பர் 12. கிழக்குத் திமோரின் திலி நகரில், சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்தில், அஞ்சலி செலுத்த வந்த இளைஞர்களை இந்தோனேசிய ராணுவம் சுட்டுத் தள்ளியது. அப்போது இந்தோனேசியாவுக்கு உதவி தரும் நாடுகளின் குழுவுக்குத் தலைமை வகித்தது நெதர்லாந்து. அதன் அமைச்சர் யான் ப்ரோங்க், மனித உரிமையையும் பணத்தையும் ஒரே முடிச்சில் போட்டார். அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ என்ன செய்தார் தெரியுமா? உங்கள் காசு எனக்கு வேண்டாம் என்று 1992 மார்ச்சில் டச்சு உதவியை உதறித் தள்ளினார். அந்தக் குழுவையே கலைக்கச் சொன்னார். பழைய காலனி எஜமானன் பாடம் நடத்துவதா என்ற ரோஷம் ஒரு பக்கம். டச்சுப் பங்கு சிறியது, போனால் போகிறது என்ற கணக்கு இன்னொரு பக்கம். புதிய குழு பிறந்தது. அதற்குத் தலைமை உலக வங்கி. பணத்தில் ஒரு குறையும் வரவில்லை. யான் ப்ரோங்க்தான் மூக்குடைந்து நின்றார்.

சுகார்த்தோ தேடிப் பிடித்த அந்த ‘தொந்தரவில்லாத’ வங்கிதான் இப்போது கடிதம் எழுதுகிறது. உதறித் தள்ள வாஹித்திடம் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 24. அத்தம்புவாவில் ஆயுத ஒப்படைப்பு விழா. துணை அதிபர் மேகாவதியே நேரில் வந்தார். துப்பாக்கிகள் போலீஸ் கைக்கு மாறின. ஜகார்த்தா நிம்மதிப் பெருமூச்சு விட நேரமில்லை. ஆயுதக் குழுவினர் போலீஸ் நிலையத்துக்குள் புகுந்து, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

மானம் கப்பலேறியது. அக்டோபர் 4-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஒரு கைது. சாதாரண ஆளில்லை, எவுரிக்கோ குத்தேரெஸ். திலியை நடுங்கவைத்த ஐத்தாராக் படையின் தலைவன். குற்றச்சாட்டு, திலியில் நடந்த கொலைகளுக்காக அல்ல. ஆயுதங்களைத் திரும்ப எடுக்கத் தூண்டினான் என்பதற்காக.

தோக்கியோ கூட்டத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. காட்டுவதற்கு ஒரு கைதி கிடைத்துவிட்டான். முகாம்களுக்குள் அகதிகள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை. அத்தம்புவா கொலைகளுக்குப் பிறகு ஐ.நா. தன் ஆட்களை மேற்குத் திமோரிலிருந்து மொத்தமாக வெளியே எடுத்திருந்தது.

அக்டோபர் 17. தோக்கியோ. தலைமை இருக்கையில் உலக வங்கி. இந்தோனேசியாவின் பொருளாதார அமைச்சர் ரிசல் ராம்லி உள்ளே நுழைகிறார். 480 கோடி டாலர் மேஜைமேல் இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

(அடுத்த வாரம்: மேஜைமேல் இருந்த பணம் எந்தப் பக்கம் நகர்ந்தது?)