கஞ்சா: ஒரு கொல்லைப் பயிரின் சரித்திரம்

நம் வட்டத்தில் கஞ்சாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது புகையைப் பற்றிய பேச்சாகவே இருந்து வருகிறது. ஒரு சாரார் பிரக்ஞையின் விரிவு என்கிறார்கள். இன்னொரு சாரார் சீரழிவு என்கிறார்கள். சித்தர்களிலிருந்து அமெரிக்க பீட் கவிகள் வரை சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். இந்தச் சர்ச்சையில் இரு தரப்பாரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது எனக்குச் சமீபத்தில்தான் உறைத்தது. இருவருமே அந்தச் செடியை நிலத்தில் பார்த்தவர்களில்லை. அதற்கு யார் எரு போட்டான், பக்கத்தில் வேறென்ன விதைத்தான், அதிலிருந்து என்ன சாப்பிட்டான் என்பவை யாருக்கும் பொருட்டாக இல்லை.

எனக்கும் இருந்ததில்லை. இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷனின் அறிக்கையை நான் புரட்டத் தொடங்கியது வேறு உத்தேசத்தில். வெள்ளை அதிகாரிகளின் ஆங்கில உரைநடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். (எழுதவில்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இப்படி எழுதப்படாத கட்டுரைகள் நிறைய உண்டு.) 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த ஒரு கேள்வியின் விளைவு இந்தக் கமிஷன். மாக்வொர்த் யங் தலைவர். அவரையும் சேர்த்து ஏழு பேர், அவர்களில் மூவர் இந்தியர். 1193 சாட்சிகளை விசாரித்து 1894இல் ஏழு வால்யூம்களாக வந்தது. மிதமான உபயோகத்தால் தீங்கு ஏறக்குறைய இல்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் லைசென்ஸும் போதும் என்பது முடிவு. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். எனக்கு முக்கியமாகப் பட்டவை சாகுபடி பற்றிய அத்தியாயங்கள்.

அவற்றில் வங்காளத்தின் நவகாவ் வருகிறது. ராஜ்ஷாஹி ஜில்லாவில், போக்ராவையும் தினாஜ்பூரையும் தொட்டுக் கிடந்த ஒரு வட்டாரம். 'கஞ்சா மஹால்' என்றே அதற்குப் பெயர். ஹேம் சந்தர் கேர் 1877இலும், தாவரவியலாளர் டேவிட் பிரெயின் 1893இலும் இந்தச் சாகுபடியைத் தனித்தனி அறிக்கைகளாக எழுதியிருக்கிறார்கள். சிறு குடியானவர்கள், சிறு துண்டு நிலங்கள். ஆகஸ்டில் நாற்றங்கால். செப்டம்பரில் நடவு. சாணமும் புண்ணாக்கும் தாராளமாக இட வேண்டும். பிறகு வருகிறவன்தான் என்னை வியக்க வைத்த பாத்திரம். போத்தார் என்று பெயர், வெள்ளைக்காரன் 'கஞ்சா டாக்டர்' என்றான். வயலுக்குள் நடந்து பூக்கும் முன்பே ஆண்செடிகளை அடையாளம் கண்டு, ஒன்று விடாமல் பிடுங்க வைப்பவன். ஓர் ஆண்செடி தப்பினாலும் மகரந்தம் பறந்து பெண்பூ விதை கட்டிவிடும், பிசின் குறையும், சரக்கின் மதிப்பு போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. விளைந்ததெல்லாம் சர்க்கார் கிடங்குக்கு.

ஆக, நவகாவில் கஞ்சாச் செடி விதை தரக்கூடாத செடி. அடுத்த போகத்துக்கு வேண்டிய விதை போக, சாப்பிட அதில் ஒன்றுமில்லை. கஞ்சாப் பணத்தில் குடியானவன் கடனை அடைத்தான், அரிசி வாங்கினான். அது சின்ன விஷயமல்ல. 1917இல் அந்தக் குடியானவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள்; அதன் லாபத்தில் பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலைகளும் நடந்தன. 1947இல் பாகிஸ்தானுக்குப் போய், 1971இல் பங்களாதேஷ் ஆகி, 1980களின் இறுதியில் சாகுபடியே நிறுத்தப்பட்டது. சர்க்காரின் ஏகபோகத்துக்குள் வளர்ந்த பயிர், சர்க்காரின் ஓர் உத்தரவில் முடிந்தது.

குமாவுன், கட்வால் மலைகளில் கதை நேரெதிர். அங்கே 'பாங்' வீட்டுக் கொல்லையில், தொழுவத்தின் ஓரத்தில், எரு விழுந்து கொழுத்த மண்ணில் நிற்கிற செடி. ஆண்செடியை யாரும் தேடிப் பிடுங்கவில்லை. மகரந்தம் பறக்கட்டும், விதை வேண்டுமே. அதன் வேலை முடிந்ததும் அறுத்தால் மெல்லிய நார். பெண்செடி விதை முற்றும் வரை நிற்கும். விதையில் போதை கிடையாது. ஏறக்குறைய கால்பங்கு புரதமும் அதைவிட அதிகமாக எண்ணெயும் உண்டு. வறுத்து உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தால் சட்னி. அரைத்துப் பிழிந்த பாலைக் குளிர்காலக் குழம்பில் விடுவார்கள். தண்டின் நாரில் கயிறு, சாக்கு, ஏழைகள் உடுத்திய 'பங்கேலா' முரட்டுத் துணி. கொஞ்சம் சரஸும் உருட்டினார்கள்தான், மறைப்பதற்கில்லை. இதையெல்லாம் அட்கின்சன் 1882இல் தன் இமாலய கெசட்டியரில் பதிந்திருக்கிறார். உயர்சாதியார் இதைப் பயிரிடுவதை இழிவாகக் கருதினார்கள் என்பதையும்.

குமாவுனியில் ஒரு சாபம் உண்டு: உன் வீட்டில் பாங் முளைக்க. நம் ஊரில் எருக்கு முளைக்க என்பதுபோல. பாழடைந்த வீட்டின் எருமண்ணில் முதலில் எழும்புவது அந்தச் செடி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் உத்தராகண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாதவை. சாபம் பலித்த ஊர்கள்.

அதே கட்வாலில் 'பாரஹ்நாஜா' என்றொரு விதைப்பு முறை. பன்னிரண்டு தானியம் என்று அர்த்தம். கேழ்வரகு, தண்டுக்கீரை விதை, ராஜ்மா, உளுந்து, கொள்ளு எல்லாம் ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில். கொடி தண்டில் ஏறும். பயறு மண்ணுக்கு உரம் தரும். மழை பொய்த்தால் ஏதோ ஒன்று தப்பும். 1980களில் சோயாவை மட்டும் போடு என்று விவசாய இலாகா வற்புறுத்தியபோது, விஜய் ஜர்தாரியும் நண்பர்களும் 'பீஜ் பச்சாவ்' இயக்கமாக நின்று இந்த விதைகளைக் காப்பாற்றினார்கள். வயலில் பன்னிரண்டு, கொல்லையில் பாங். இரண்டும் ஒரே வீட்டின் கணக்கு.

கணக்கு என்றதும் என் தொழில் புத்தி வருகிறது. வட ஆற்காட்டு ஜவ்வாது மலை மலையாளிகளின் கஞ்சாச் சாகுபடியையும் கமிஷன் குறிப்பிடுகிறது. சென்னை மாகாணத்துக்கு அதுவும் கிருஷ்ணா ஜில்லாவும்தான். அந்த மலையின் அடிவாரக் கிளை ஒன்றில் நான் மூன்று வருஷம் பயிர்க்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சா அப்போது பேச்சிலேயே இல்லை. 1937 மதுவிலக்குச் சட்டத்திலேயே அது அடக்கம். ஒரு பெரியவர் வந்தார். என்ன பயிர் என்றேன். "சாமை, துவரை, எள்ளு, கொள்ளு, ஓரத்துல ஆமணக்கு" என்றார். விண்ணப்பத்தில் ஒரு வரிதான். முக்கியமானது எது என்றேன். "எதுன்னு சொல்றது சார், அததுக்கு அந்தந்த மாசம்" என்றார். நான் சாமை என்று எழுதினேன். அவ்வருஷம் சாமை போயிற்று, கொள்ளு நின்றது. கொள்ளு விற்ற பணத்தோடு வந்தவரிடம், பதிவேட்டின்படி அவர் பயிர் அழிந்துவிட்டது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்த அறிக்கையைப் படிக்கும்போதுதான் மறுபடி நினைத்தேன்.

1985இன் போதைப்பொருள் சட்டம் இந்த ஒரு வரி விண்ணப்பத்தைப் போன்றதுதான் என்று சொல்லிவிட ஆசை. ஆனால் அது நியாயமில்லை. அந்தச் சட்டம் பூக்கொத்தைத்தான் கஞ்சா என்கிறது. கொத்தோடு சேராத விதையையும் இலையையும் விலக்குகிறது. 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் சாகுபடியை அனுமதிக்க வழி வைத்திருக்கிறது. 1961 சர்வதேச உடன்படிக்கையிலும் தொழிற்பயிருக்கு விலக்கு உண்டு. எழுதியவர்களுக்குக் கொல்லை தெரிந்திருக்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல் வளர்த்தால் பத்து வருஷம் வரை சிறை என்பதும் அதே சட்டம். கொல்லைச் செடிக்கு லைசென்ஸ் வாங்க எந்தக் கிழவி போவாள்?

உத்தராகண்ட் 2018இல் முதல் மாநிலமாக லைசென்ஸ் கொடுத்தது. நிபந்தனை: செடியில் போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மலையில் தலைமுறைகளாக விதை எடுத்துவந்த நாட்டுச் செடி பெரும்பாலும் அதைத் தாண்டும். ஆகவே விதை வெளியிலிருந்து வர வேண்டும். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கஞ்சா விதையை உணவாக அங்கீகரித்தது. நகரக் கடைகளில் அது டப்பாவில் சத்துணவாகக் கிடைக்கிறது. லைசென்ஸ் வயலில் வெளி விதை, கொல்லையில் நாட்டு விதை. இடையே காற்று. நவகாவில் போத்தாரைக் கூலிக்கு வைத்துத் தடுத்த அதே மகரந்தம் இங்கே இரண்டுக்கும் நடுவில் பறந்துகொண்டிருக்கிறது. அது பறந்து கலந்தால் அடுத்த வருஷம் பிடுங்கப்படுவது யாருடைய செடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.