கல் கிடந்த இடம்

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்து போகிறவர்களுக்கு, இவ்வூருக்குப் பழமை என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் எளிதில் தோன்றாது. பணிமுறை மாறும் நேரங்களில் வரிசையாக வரும் தொழிற்சாலைப் பேருந்துகள், ஒரகடம் நோக்கித் திரும்பும் கண்டெய்னர் லாரிகள், வயல் நடுவே நடப்பட்ட மனைக்கற்கள் ஆகியவையே கண்ணில் படுகின்றன. 'படப்பை' என்ற சொல்லுக்குச் சங்க இலக்கியத்தில் தோட்டம், வீட்டை ஒட்டிய கொல்லை என்று பொருள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010க்குப் பின் ஒரகடத்தில் பெரும் வாகனத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. தோட்டங்களும் கொல்லைகளும் மனைப்பிரிவுகளாக மாறியதற்கு ஒரு தலைமுறைக் காலம்கூடத் தேவைப்படவில்லை.

2022ஆம் ஆண்டு, ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் ஓர் அகழாய்வை மேற்கொண்டது. தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் ஆழம்கூடச் செல்வதற்கு முன்பே கற்கருவிகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் பழமையானவை என்று துறையினர் மதிப்பிட்டனர். பிற்கால அடுக்குகளிலிருந்து ரோமானிய ஆம்போராச் சாடிகளின் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் சிறு பொன்னணித் துண்டுகளும் கிடைத்தன. நாளிதழ்களில் சில நாட்கள் செய்தி வந்தது. பிறகு அது மறக்கப்பட்டது.

அச்செய்தியைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி மிக எளியது. படப்பையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி, தன் ஊருக்கு அருகே வாழ்ந்த மனிதர்கள் செய்த கருவி ஒன்றைக் காண விரும்பினால் எங்கே போக வேண்டும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

*

விடை தேட 1863ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக்கல் எடுக்கும் குழி ஒன்றில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். படப்பையிலிருந்து பல்லாவரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவுதான். பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையிலேயே தொல்பழங்கால மனிதன் செய்தவை என்பதை ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று ஒப்புக்கொண்டது 1859இல். அடுத்த நான்கே ஆண்டுகளில் அதே கேள்வி செங்கற்பட்டு மண்ணில் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் பகுதியில் உள்ள அதிரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர்.

ஃபூட் தம் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை, மெட்ராஸ் இலக்கியச் சங்கத்தின் இதழில் 1866இல் வெளிவந்தது. 1812இல் தோன்றிய இச்சங்கம் ஓர் ஆர்வலர் குழு. அதிகாரிகள், மருத்துவர்கள், பொறியாளர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் படித்ததையும் கண்டதையும் பகிர்ந்துகொண்ட இடம். அச்சங்கம் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளை அரசிடம் ஒப்படைத்ததிலிருந்துதான் 1851இல் சென்னை அருங்காட்சியகம் பிறந்தது. இன்று எழும்பூரில் நாம் காணும் பெரிய நிறுவனத்தின் வித்து, ஒரு சங்கத்தின் அலமாரி.

ஃபூட் நாற்பது ஆண்டுகள் சேர்த்த தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவர் 1912இல் மறைந்தார். அத்தொகுப்பின் விளக்க அட்டவணை 1914இலும் அதற்கான குறிப்புகள் 1916இலும் நூல்களாக வந்தன. ஒவ்வொரு கல்லும் எங்கே கிடந்தது என்பதை அவர் எழுதி வைத்திருந்தார். ஊர்ப்பெயர் எழுதப்படாத கல் வெறும் கல். ஊர்ப்பெயரும் மண்ணடுக்கும் எழுதப்பட்ட கல்லுக்கு மட்டுமே சாட்சி சொல்லும் தகுதி உண்டு.

இதன் பயன் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தெரிந்தது. சென்னையிலிருந்து இயங்கும் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தனர். அங்குள்ள பழைய கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்ற முடிவு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. இடைப் பழைய கற்காலப் பண்பாடு அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்ற முடிவு 2018இல் 'நேச்சர்' இதழில் வந்தது. உலகத் தொல்லியல் திரும்பிப் பார்த்த இக்கணக்குகள் யாவும் ஒரே அடிப்படையின் மீது நிற்கின்றன. கல் தான் கிடந்த இடத்தில், தான் கிடந்த அடுக்கில் கிடைத்தது. அந்த மையம் ஆய்வோடு நின்றுவிடாமல், பள்ளிக் குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொல்லியல் பயிற்சி வகுப்புகளையும் நடத்தி வருகிறது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அதிரம்பாக்கத்துக்கு அருகில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 1985இல் ஒரு தொல்பழங்கால அருங்காட்சியகத்தை அமைத்தது. சிறிய கட்டிடம்தான். ஆனால் பேழைக்குள் இருக்கும் கைக்கோடாரியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், அதைச் செய்த மனிதன் நடந்த அதே நிலத்தில் நிற்கிறார். எழும்பூர் தன் பெருஞ்செல்வம் அனைத்தையும் கொண்டும் இந்த ஓர் அனுபவத்தைத் தர இயலாது.

*

தொல்பழங்காலத்தை விட்டு எழுத்துக்காலத்துக்கு வருவோம். படப்பைக்குச் சில கிலோமீட்டர் வடக்கே மணிமங்கலம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடுகள் இவ்வூரைச் சுட்டுகின்றன. வாதாபி வரை நீண்ட அந்தப் படையெடுப்பின் கதையை நாவலாகவும் நாடகமாகவும் அறிந்தவர் பல்லாயிரவர். அக்கதையின் திருப்புமுனை நிகழ்ந்த ஊருக்குத் தாம்பரத்திலிருந்து நகரப் பேருந்தில் போய்விடலாம் என்பதை அறிந்தவர் சிலரே.

மணிமங்கலத்துக் கோயில் சுவர்களில் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகியோரின் மெய்க்கீர்த்திகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1054இல் நடந்த கொப்பத்துப் போரைப் பற்றியும் கூடல்சங்கமத்துப் போரைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுவதற்கு இச்சுவர்கள் முக்கியச் சான்றுகள். இவற்றை ஹூல்ஷ் பதிப்பித்து, 1899இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதல் பகுதியில் சேர்த்தார். துங்கபத்திரைக் கரையில் நிகழ்ந்த போரின் நினைவு ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பேழையும் கண்ணாடியும் இல்லாத அருங்காட்சியகம் அது.

ஆனால் சுவருக்கும் ஆபத்து உண்டு. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசுவதும், மணலை வீசியடித்துக் கல்லைச் சுத்தம் செய்வதும், கல்வெட்டுப் பொறித்த கல்லைப் புரட்டிப் படிக்கட்டாக்குவதும் தமிழகமெங்கும் நடந்தவை. இத்தகைய இழப்புகள் பலவற்றில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. இந்த எழுத்து இன்னது சொல்கிறது என்று உள்ளூரில் எவரும் சொல்லவில்லை என்பதே காரணம்.

உள்ளூர் வரலாற்றுக் குழுவின் தேவை இங்கேதான் வருகிறது.

*

இத்தகைய குழுக்கள் செய்யும் வேலையில் வீரதீரம் ஏதுமில்லை. விடுமுறை நாளில் நான்கைந்து பேர் ஒரு சிற்றூருக்குப் போகிறார்கள். கோயிலின் அதிட்டானத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறார்கள். ஈரத்தாளைக் கல்லின் மீது விரித்து, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் பதிய வைக்கிறார்கள். தாள் ஓரளவு உலர்ந்ததும் மை தோய்த்த பொதியால் ஒற்றுகிறார்கள். பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் எழுகிறது. இதுவே மைப்படி. பிறகு அதைப் படிப்பது, முன்பே பதிப்பிக்கப்பட்டதா என்று சரிபார்ப்பது, படித்ததை எழுதி வெளியிடுவது. மாதக்கணக்கில் நீளும் வேலை.

திருச்சியில் 1982இல் தொடங்கப்பட்ட டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் இயக்குநர் இரா. கலைக்கோவன் தொழிலால் கண் மருத்துவர். அம்மையம் 'வரலாறு' என்ற ஆய்விதழை நடத்தியது. குடைவரைகளையும் கற்றளிகளையும் கோயில் கோயிலாகச் சென்று ஆராய்ந்து நூல்களாக்கியது. பேராசிரியர்களும் தனிப்பட்ட ஆர்வலர்களும் புதிதாகக் கண்டறிந்த கல்வெட்டுகளை வெளியிட, தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் 1991 முதல் இடம் தந்து வருகிறது.

சிறிய ஊர் ஒன்று தன் வரலாற்றைத் தானே பேணிக்கொண்டதற்குப் புதுக்கோட்டையைச் சொல்லலாம். சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1910இல், அங்கே அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 1929இல் சமஸ்தானத்தின் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடம் ஒரே தொகுதியாக வெளிவந்தது. ஒரு பக்கம் பொருள்கள், மறு பக்கம் அவற்றைப் பற்றிய பதிவு. இரண்டும் அருகருகே வளர்ந்ததால்தான் அப்பகுதியின் வரலாறு இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

*

ஆக, படப்பைக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முடித்துவிடலாமா? அத்தனை எளிதல்ல.

சிற்றூர் அருங்காட்சியகங்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருப்பார். பேழைக் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். 'பழங்காலப் பானை' என்று மட்டும் எழுதிய அட்டை மஞ்சளாகியிருக்கும். பொருளைக் காக்க ஆளும் பணமும் அறிவும் வேண்டும். அவை தலைநகரில்தான் இருக்கின்றன என்று வாதிடுவோரை அலட்சியம் செய்ய முடியாது. ஃபூட்டின் கற்கள் பல்லாவரத்திலேயே ஒரு கொட்டகையில் விடப்பட்டிருந்தால் அவற்றின் கதி என்னவாகியிருக்கும்?

சட்டமும் உண்டு. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தொல்பொருள்களை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதிகள் வகுத்திருக்கிறது. ஆர்வ மிகுதியால் ஓடுகளையும் காசுகளையும் வீட்டில் சேர்த்து வைப்பவர் சட்டத்தை மீறக்கூடும். அதைவிட முக்கியமாக, அப்பொருளைப் பேசாமடந்தையாக்கி விடுகிறார்.

ஆயினும் மறுபக்கத்தை நான் ஓர் ஏரிக்கரையில் கண்டேன். இப்பகுதியில் ஓர் ஏரியிலிருந்து அள்ளிய சவுடு மண்ணை டிப்பர் லாரியில் கொண்டுவந்து தாழ்வான மனையொன்றில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மண்ணில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் கலந்திருந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். பெருங்கற்காலத்தவை போலத் தோன்றின. எந்த ஏரி, கரையின் எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழம் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "எல்லாம் ஒரே மண்ணுதான் சார்" என்றார். அவர் மீது பிழையில்லை. அந்த ஓட்டை நான் வைத்துக்கொள்ளவில்லை, கீழே போட்டுவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஓடு எந்தப் பேழையில் இருந்தாலும் ஒன்றுதான்.

எருமையூர், சிறுகளத்தூர் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களின் ஈமச்சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் ஏறாமல் கிடக்கும் கல்வட்டங்களுக்கு அந்தக் காவலும் இல்லை. அவை பொக்லைனின் ஒரு பகல் வேலை. எழும்பூரின் காப்பாளர் எத்தனை திறமையானவராயினும், அந்தப் பகலில் அந்த வயலில் இருக்க அவரால் முடியாது. அங்கே இருக்கக்கூடியவர் பள்ளி ஆசிரியர், கோயில் எழுத்தர், ஏரிப்பாசனம் அறிந்த முதியவர், மாலைப் பணிமுறைக்கு முன் பகலெல்லாம் ஓய்வுள்ள ஓர் இளம் தொழிலாளி.

எனவே படப்பைக்கு முதலில் வேண்டியது ஒரு பேரேடு. ஊர்வாரியாகக் கல்வட்டங்கள், ஏரிகள், மதகுகள், கல்வெட்டுகள், நடுகற்கள், மண்மேடுகள். ஒவ்வொன்றுக்கும் இடம், நாள், நிழற்படம், பார்த்தவர் பெயர். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. பொருளைத் தொடவும் வேண்டியதில்லை. மண் தோண்டும்போது ஏதேனும் தென்பட்டால் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே தகவல் சொல்ல நான்கு பேர் இருந்தால் போதும். அருங்காட்சியகக் கட்டிடம் பத்தாண்டு கழித்து வரட்டும். அல்லது ஒரு பள்ளியின் ஒற்றை அறையாகவே, மைப்படிகளும் வரைபடங்களும் நிழற்படங்களுமாக இருக்கட்டும். மெட்ராஸ் இலக்கியச் சங்கத்தின் அலமாரியும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

இத்தொழிற்பகுதிக்கு இன்று பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் பிழைப்புத் தேடி வருகிறார்கள். வடக்குப்பட்டில் ஆம்போராவை விட்டுச் சென்றவர்களின் வணிகத் தொடர்பு கடல் கடந்தது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே உட்கார்ந்து கல் செதுக்கியவர்கள் வேட்டையாடித் திரிந்தவர்கள். வந்தவர்களும் செய்தவர்களுமே இந்நிலத்தின் நெடிய வரலாறு. அந்த வரிசையில் தானும் ஒருவன் என்று ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்குத் தெரிவதும், அந்த ஏழாம் வகுப்பு மாணவிக்குத் தெரிவதும் ஒரே நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்க முடியும். லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, சற்று விரைந்து தொடங்குவது நல்லது.